எதற்கும் இருக்கட்டும்

லூலியோவில் கடல் உறைந்து ஆறு வாரம்.
பனி உடைக்கும் கப்பலின் எஞ்சின்காரர் ஹால்வார்
கீழ்த்தாடையில் ஓர் இடைவெளியோடு
என் நாற்காலியில் சாய்கிறார்.
வயது ஐம்பத்து நான்கு. சர்க்கரை இல்லை, புகை இல்லை,
இதயம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
ஒவ்வாமை ஏதும் உண்டா என்றேன்.
"திங்கட்கிழமை" என்றார்.
எழுதிக்கொள்ளவில்லை.

தட்டில் எல்லாம் இருக்கிறது.
துளைக்கருவி, உப்புநீர்,
குப்பிக்குள் இன்னும் யார் விரலும் படாத
டைட்டானியம் திருகு.
ஒரு மணி நேரம் முன்பு
காத்திருப்பு அறையில் அவர் கைக்குப் போயிருக்க வேண்டிய
காகிதக் கோப்பை மட்டும் இல்லை.
நான்கு காப்ஸ்யூல். இரண்டு கிராம்.
பதினெட்டு வருடம் அதை நிரப்பிக் கொடுத்த ஆக்னெதா
அலமாரியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள்.
"இன்று வேண்டாம்" என்று காலையிலேயே சொன்னேன்.
முகமூடிக்குள் என் குரல் சற்றுச் சின்னதாகிவிட்டது.

நோயாளிக்கு எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன்.
இல்லை, என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு எழுதினேன்,
தொலைபேசி அடிக்காத இரவுகளுக்கு எழுதினேன்.
நல்ல உடம்புக்காரர்கள் வரிசையாக வந்து
என் பயத்தைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு
நன்றி சொல்லிப் போனார்கள்.
எதற்கும் இருக்கட்டும்.
எழுதுகிறவளுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

மைக்கென் என்றொருத்தி,
தேவாலயத்தில் ஆல்ட்டோ பாடுகிறவள்.
அவளுக்கு ஒரு வாரத்துக்கே கொடுத்தேன்.
பல் நின்றது.
வயிறு நிற்கவில்லை.
பதினோரு நாள் மருத்துவமனையில்
கையுறை போட்டவர்கள் மட்டுமே அவளைத் தொட்டார்கள்.
ரூனேவோ ஒன்று விடாமல் விழுங்கியவர்.
ஏழாம் வாரம் வந்து
கைக்குட்டையை மேசைமேல் விரித்தார்,
பழைய கடனைத் திருப்பித் தருகிறவர்போல.
உள்ளே என் திருகு.

ஒரு திருகைக் காக்க எத்தனை பேர் விழுங்க வேண்டும்?
ஒரு கணக்கு இருபத்தைந்து என்கிறது.
இன்னொன்று ஐம்பது.
மற்றொன்று தோளைக் குலுக்குகிறது.
மீதிப் பேரின் குடலில்
சண்டை போடாமல் குடியிருந்த கிருமிகளை
யாரும் எண்ணவில்லை.
அவற்றில் பிழைத்தவை என்ன கற்றுக்கொண்டன என்பதையும்.

கிழிக்கிறேன். எலும்பு வெளிர் மஞ்சள்.
குளிர்ந்த நீர் வழிய வழியத் துளைக்கிறேன்,
மெதுவாக, சூடு ஏறாமல்.
திருகு கடைசிச் சுற்றில் இறுகும்போது
என் மணிக்கட்டுக்கு மட்டும் தெரிகிற ஒரு சம்மதம்.
நான்கு தையல்.
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது நான்தான்.
அவருக்கு அந்த வசதி இல்லை.

ஞாயிறு இரவு பத்தே காலுக்குத் தொலைபேசி.
ஹால்வார்.
வீக்கமா? சீழா? காய்ச்சலா?
நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் கேட்கிறார்:
"நாளை உறைகடலில் மீன்பிடிக்கப் போகிறேன்.
மைனஸ் இருபத்தெட்டு.
உலோகம் சுருங்குமே, உங்கள் திருகு கழன்றுவிடாதா?"
எஞ்சின்காரரின் கவலை.
வாயை மூடிக்கொண்டு பிடியுங்கள் என்கிறேன்.
பிறகு சமையலறைத் தரையில்
வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

நான்காம் மாதம் கண்ணாடிப் பிடியால் தட்டினேன்.
கணீரென்றது.
அந்த ஒலியை வைத்து எதையும் நிறுவ முடியாது.
ஏனெனில் அதே வாரம் ஸீக்னே,
அவளுக்கும் கோப்பை கொடுக்கவில்லை,
திருகு நாக்குக்கே அசைந்தது.
கொடுத்திருந்தால்?
ரூனேவுக்குக் கொடுத்தேனே.
இரண்டையும் ஒரே பேனாவால் பதிவேட்டில் எழுதினேன்.
ஸீக்னே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பைகள் இருந்த தட்டில்
ஆக்னெதா இப்போது தன் மூக்குக்கண்ணாடியை வைக்கிறாள்.
சில காலைகளில்
என் கை தானாக அங்கே போய்
அதைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.